பாசனத்துக்கு நிலம் தேறுமா? மண்ணைச் சோதித்து முடிவெடுக்கும் முறை

மழையை நம்பி ஓரளவு விளைந்துகொண்டிருந்த நிலத்துக்குப் புதிதாகத் தண்ணீர் வசதி வந்ததும் விளைச்சல் இரட்டிப்பாகும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். முதல் சில ஆண்டுகள் அப்படியே நடக்கவும் செய்யும். பிறகு ஒரு மூலையில் பயிர் மஞ்சளாகும், இன்னொரு பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும், உழப்போனால் மண் சேறாகவோ கட்டியாகவோதான் வரும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவார்கள். பெரும்பாலும் பிரச்சினை சத்தில் இருக்காது. விட்ட தண்ணீர் எங்கே போகிறது என்பதில் இருக்கும்.

எனவே பாசன நிலத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. தண்ணீர் மண்ணுக்குள் என்ன வேகத்தில் இறங்குகிறது? இறங்கியதில் எவ்வளவு வேருக்காக நிற்கிறது? மிச்சம் வெளியேற வழி இருக்கிறதா? தழை, மணி, சாம்பல் சத்துகளை வெளியிலிருந்து இட்டுச் சரிசெய்துவிடலாம். இந்த மூன்றையும் மாற்றுவது கடினம், சிலவற்றை மாற்றவே முடியாது. கீழே உள்ள வேலைகளை நிலத்தை வாங்கும் முன்போ, குழாய் பதிக்கும் முன்போ செய்துவிட வேண்டும்.

முதலில் நிலத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்

மழை பெய்த மறுநாள் போவது நல்லது. தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் கால் புதைகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நிறம், சரிவு, களைகள் இவற்றில் வேறுபாடு தெரியும் இடங்களைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரியுங்கள். மேட்டு நிலத்தையும் பள்ளத்தையும் ஒரே மண்ணாகக் கருதி எடுக்கும் மாதிரி, இரண்டுக்குமே பொருந்தாத சராசரியைத்தான் தரும்.

கோரை மண்டியிருந்தால் நீர் தேங்கும் இடம். காய்ந்த மண்ணில் வெள்ளைப் பூப்பு இருந்தால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். மண் மேல் கருமையான, வழுக்கலான பொருக்கு படிந்து, அங்கே புல்லும் முளைக்காமல் இருந்தால் அது களராக, அதாவது சோடியம் மிகுந்த கார மண்ணாக, இருக்க வாய்ப்பு அதிகம். கார மண்ணில் கரைந்த மட்கு மேலே வந்து படிவதுதான் அந்தக் கருமை. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் நீர்மட்டம் எவ்வளவு மேலே வரும் என்பதையும் இதே சுற்றில் விசாரித்துவிடுங்கள்.

குழி வெட்டுதல்

மேல்மண்ணை மட்டும் பார்த்துப் பாசன நிலத்தை மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் குழி வெட்டுங்கள். ஆழம் குறைந்தது ஒரு மீட்டர். மரப்பயிர் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றரை மீட்டர். மணற்பாங்கான இடத்தில் பக்கச்சுவர் சரியும், அங்கே குழிக்குள் இறங்காமல் மண் துளைப்பானால் எடுத்துப் பாருங்கள்.

வெயில் படும் பக்கச்சுவரைக் கத்தியால் புதிதாகச் சீவிவிட்டு, மேலிருந்து கீழாகக் கத்தி முனையால் குத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் முனை இறங்க மறுக்கும், அதற்குக் கீழே மறுபடி எளிதாக இறங்கும். அதுதான் கடின அடுக்கு. பல ஆண்டுகள் ஒரே ஆழத்தில் உழுத நிலத்தில் இது பெரும்பாலும் 15 முதல் 30 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும். வேர்கள் அந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆய்வகத்தில் பரும அடர்த்தி (குறிப்பிட்ட கன அளவு காய்ந்த மண்ணின் எடை) பார்க்க முடிந்தால், களிமண்ணில் கன சென்டிமீட்டருக்கு 1.47 கிராமுக்கு மேலும், மணலில் 1.8 கிராமுக்கு மேலும் போனால் வேர் முடங்கும்.

நிறமும் பேசும். ஒரே சீரான செம்மை அல்லது பழுப்பு நிறம் காற்றோட்டமுள்ள மண்ணுக்கு அடையாளம். சாம்பல் நிறத்தில் துரு நிறப் புள்ளிகள் தெரிந்தால், ஆண்டில் சில மாதங்களாவது அந்த ஆழம் வரை தண்ணீர் நிற்கிறது. நீங்கள் போன நாளில் குழி காய்ந்திருந்தாலும் அந்தப் புள்ளிகளை நம்புங்கள். வெள்ளைச் சுக்கான் கற்கள் இருந்தால் அவை தொடங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மண் மேல் வினிகர் சொட்டு விட்டு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு.

நயம் பார்த்தல்

மணல் என்பது 2 முதல் 0.05 மி.மீ. வரையுள்ள துகள், வண்டல் 0.05 முதல் 0.002 மி.மீ. வரை, களி அதற்கும் நுண்ணியது. மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே மண்ணின் நயம். இதை மாற்ற முடியாது. களிமண்ணில் சில வண்டி மணல் கொட்டி இளக்கிவிடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழ மண்ணே சுமார் 2,000 டன் எடை வரும். அதில் கலக்கும் சில வண்டி மணல் எந்த மூலைக்குக் காணும்?

கையால் பார்க்கும் முறையே போதும். ஒரு பிடி மண்ணில் கல், வேர் பொறுக்கிவிட்டு, சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். உருட்டினால் உருண்டையே நிற்காவிட்டால் மணல். உருண்டை நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடாவாகத் தள்ளும்போது 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் இருமண்பாடு, அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண். 2.5 முதல் 5 செ.மீ. வரை நீண்டால் களி கலந்த இருமண்பாடு. அதற்கு மேலும் அறுபடாமல் நீண்டால் களிமண். ஒரு நிமிடமாவது நன்றாகப் பிசைய வேண்டும். அரைகுறையாகப் பிசைந்தால் சிறு களிக்கட்டிகள் மணலைப் போல நெருடி ஏமாற்றும்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் பாட்டில் சோதனை. நேரான பக்கங்களுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல், பிறகு ஓரிரு நாளில் படிவது களி. ஒவ்வொன்றுக்கும் வெளியே கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். மொத்தம் 10 செ.மீ. படிவில் மணல் 4, வண்டல் 4, களி 2 என்றால் நல்ல இருமண்பாடு. களி தண்ணீரில் உப்பி நிற்பதால் அதன் பங்கு சற்று அதிகமாகத் தெரியும்.

மேல்மண்ணில் செய்த இதே சோதனையை 30, 60, 90 செ.மீ. ஆழ மண்ணிலும் செய்யுங்கள். மேலே மணற்சாரி, 40 செ.மீ.யில் கெட்டிக் களி என்று இருக்கும் நிலம் பார்வைக்கு அருமையாக இருக்கும். பாசனம் தொடங்கியதும் அந்தக் களியின் மேல் தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

எவ்வளவு நீர் நிற்கும், எத்தனை நாள் தாங்கும்

நன்றாக நனைத்து, மிகுதி நீர் வடிந்த பிறகு மண் பிடித்து வைத்திருக்கும் அளவு வயல் கொள்திறன். செடி இனி உறிஞ்ச முடியாமல் வாடும் நிலை வாடல் புள்ளி. இரண்டுக்கும் இடைப்பட்டதே பயிருக்குக் கிடைக்கும் நீர். ஒரு மீட்டர் ஆழ மண்ணுக்கு அது மணலில் 25 முதல் 100 மி.மீ., இருமண்பாட்டில் 100 முதல் 175 மி.மீ., களிமண்ணில் 175 முதல் 250 மி.மீ. வரை இருக்கும். சரளை கலந்திருந்தால் அதன் பருமப் பங்கைக் கழித்துவிடுங்கள்: 30 விழுக்காடு கல் என்றால் 150 மி.மீ. என்பது 105 ஆகிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இருமண்பாட்டு நிலம், மீட்டருக்கு 140 மி.மீ. பயிரின் வேர் 60 செ.மீ. வரை போகிறது. அப்படியானால் வேர் மண்டலத்தில் இருப்பது 84 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆக ஒரு தடவைக்கு 42 மி.மீ. பயிர் நாளொன்றுக்கு 6 மி.மீ. குடித்தால் 7 நாளுக்கு ஒரு பாசனம். ஒரு ஹெக்டேரில் 42 மி.மீ. என்பது 4,20,000 லிட்டர். மோட்டார் மணிக்கு எவ்வளவு இறைக்கும் என்று தெரிந்தால் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதே பயிர், மீட்டருக்கு 60 மி.மீ. மட்டும் தாங்கும் மணலில் இருந்தால் ஒரு தடவைக்கு 18 மி.மீ.தான், 3 நாளுக்கு ஒரு முறை. களிமண்ணில் 200 மி.மீ. என்றால் தடவைக்கு 60 மி.மீ., 10 நாளுக்கு ஒரு முறை. முறைப்பாசனத்தில் உங்களுக்குத் தண்ணீர் 8 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால், மணல் நிலம் எவ்வளவு வளமாக இருந்தாலும் அந்த முறைக்குத் தேறாது. இடையில் தேக்கிவைக்க ஒரு தொட்டி வேண்டும், அல்லது ஆழ வேர் பயிருக்கு மாற வேண்டும்.

எந்த வேகத்தில் இறங்குகிறது

30 செ.மீ. விட்டம், 30 செ.மீ. உயரமுள்ள, இரு பக்கமும் திறந்த இரும்பு உருளை ஒன்று வேண்டும். மேலே கட்டை வைத்து அடித்து 10 முதல் 15 செ.மீ. மண்ணுக்குள் இறக்குங்கள். சாய்ந்து இறங்கினால் ஓரம் விரிசல் விட்டு, தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். அப்படி நேர்ந்தால் இடத்தை மாற்றி மறுபடி செய்வதே மேல். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பிறகு தாளை உருவுங்கள், இல்லையென்றால் மண் கலங்கித் துளைகள் அடைபடும். வெளியே சுற்றிலும் சிறு வரப்பு கட்டி அங்கேயும் தண்ணீர் நிறுத்தினால் பக்கவாட்டுக் கசிவு குறையும்.

உள்ளே அளவுகோலை நிறுத்தி 5, 10, 20, 30, 45, 60 நிமிடங்களில் மட்டத்தைக் குறியுங்கள். மட்டம் வெகுவாக இறங்கினால் மறுபடி ஊற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகமாக இறங்கும், அந்த எண் பயன்படாது. அடுத்தடுத்த அளவுகள் ஒரே வேகத்தைக் காட்டும்வரை தொடர வேண்டும், களிமண்ணில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். மூன்று இடங்களிலாவது செய்யுங்கள். இதில் பலர் விடும் தவறு, கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. பாசனத்துக்கு எந்த நீரோ அதையே ஊற்றுங்கள். நீரிலுள்ள உப்பின் அளவும் வகையும் இறங்கும் வேகத்தை மாற்றும்.

மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் என்றால் மணல். மணற்சாரி இருமண்பாடு 20 முதல் 30, இருமண்பாடு 10 முதல் 20, களி கலந்தது 5 முதல் 10, களிமண் 1 முதல் 5. முன்பு போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 15 மி.மீ. இறங்கும் இருமண்பாட்டில் 42 மி.மீ. போய்ச் சேர சுமார் மூன்று மணி நேரம். மணிக்கு 3 மி.மீ. இறங்கும் களிமண்ணில் 60 மி.மீ.க்கு 20 மணி நேரம். அவ்வளவு நேரம் தண்ணீரை நிறுத்தி வைக்கப் பாத்தியின் மட்டம் துல்லியமாக இருக்க வேண்டும், பயிரும் அதைத் தாங்க வேண்டும். வெடிப்பு விடும் கரிசலில் முதல் தண்ணீர் வெடிப்பு வழியே விறுவிறுவென்று போகும், மண் உப்பி வெடிப்பு மூடியதும் ஏறக்குறைய நின்றுவிடும். அங்கே வெடிப்பு மிகவும் விரியும் முன்பே பாய்ச்சுவது நல்லது.

நெல்லுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். தண்ணீர் இறங்காத மண்தான் அதற்கு வேண்டும். சேற்றுழவு செய்து கீழே இறுக்கமான அடுக்கை உண்டாக்குவதே அதற்காகத்தான். நெல்லுக்குப் பின் அதே வயலில் பயறோ மக்காச்சோளமோ போடுகிறவர்களுக்கு அந்த அடுக்கே தொல்லையாகும்.

வடிகால்: பலரும் தாவிவிடும் இடம்

பாசனம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிலத்தடி நீர் ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் மண்ணின் நுண்துளைகள் வழியே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, மேலே ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்லும். சிந்து சமவெளியில் கால்வாய்ப் பாசனம் பரவிய பிறகு நிலத்தடி நீர் உயர்ந்து, பெரும்பரப்பு உவராகவும் சேறாகவும் மாறியது இப்படித்தான். கால்வாய் வரும் முன் அது கெட்ட மண் அல்ல.

நிலத்தின் தாழ்ந்த பகுதியில் 3 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, கீழ்ப்பகுதியில் துளைகள் இட்ட பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் சிறு சரளை நிரப்பி மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை நூலில் எடை கட்டி விட்டு மட்டத்தை அளந்தால் போதும். மழைக்காலத்து அளவே முக்கியம். அது 1.5 மீட்டருக்கு மேலே வந்தால், வடிகால் வாய்க்கால் இல்லாமல் அங்கே நிரந்தரப் பாசனம் தொடங்காதீர்கள். வடிகாலைக் கொண்டுபோய் விட உங்கள் நிலத்தைவிடத் தாழ்ந்த இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாத நிலத்தை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

உவரா, களரா?

மாதிரி எடுக்கும் விதத்திலேயே பாதிச் சோதனை கெட்டுவிடும். வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மரநிழல் தவிர்த்து, ஒவ்வொரு பகுதியிலும் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, ஓரத்திலிருந்து ஒரே கனத்தில் மண் சீவி எடுங்கள். கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். உப்பைப் பார்க்க இது போதாது. 15–30, 30–60, 60–90 செ.மீ. ஆழங்களிலும் தனித்தனி மாதிரி வேண்டும்.

நீரால் நிறைத்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் கரைசல் நிறைவுக்கரைசல்; அதிலுள்ள உப்பின் அளவைக் காட்டுவது மின் கடத்துதிறன். அது மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு (கடத்துதிறனின் அலகு) மேல் இருந்தால் உவர். மாற்றுச் சோடியம் (மண்துகள்களில் ஒட்டியிருக்கும் சத்து அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டுக்கு மேல், கார அமில நிலையும் 8.5க்கு மேல் என்றால் களர். உவரும் களரும் சேர்ந்த மண்ணும் உண்டு. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளப்பார்கள். அந்த எண் நிறைவுக்கரைசல் எண்ணைவிட மிகவும் குறைவாக இருக்கும். எந்த முறை என்று கேட்காமல் அட்டவணையோடு ஒப்பிடாதீர்கள்.

வீட்டிலேயே களரைச் சந்தேகிக்க ஒரு வழி: பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை மழைநீரில் மெதுவாகப் போட்டு அசைக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி உதிர்ந்து, நீர் தெளிவாக இருந்தால் சோடியத் தொல்லை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்தால் சோடியம் களித்துகள்களைப் பிரிக்கிறது என்று பொருள். உவர்நீரில் போட்டால் இந்தக் கலங்கல் மறைந்துவிடும், ஆகவே மழைநீரோ வடிநீரோதான் வேண்டும்.

இரண்டுக்கும் மருந்து வேறு. உவருக்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கினால் போதும், ஜிப்சம் வீண்செலவு. வடிகால் நன்றாக இருந்தால், 30 செ.மீ. மண்ணிலுள்ள உப்பைப் பாதியாக்க 15 செ.மீ. தண்ணீரும், ஐந்தில் ஒரு பங்காக்க 30 செ.மீ. தண்ணீரும் கீழே இறங்கிப் போக வேண்டும். களரில் முதலிலேயே தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு போய்ச் சோடியம் மட்டும் மிஞ்சி, மண் முன்னைவிட இறுகிவிடும். அங்கே வடிகால், ஜிப்சம், கழுவுதல் என்ற வரிசை மாறக் கூடாது. 15 செ.மீ. ஆழத்தில் 100 கிராம் மண்ணுக்கு 1 மில்லி ஈக்விவலன்ட் (மாற்றுச் சோடியத்தை ஆய்வகம் குறிக்கும் அலகு) சோடியத்தை அகற்ற ஹெக்டேருக்குச் சுமார் 1.7 டன் தூய ஜிப்சம் வேண்டும். 3 அலகு அகற்ற வேண்டும், ஜிப்சத்தின் தூய்மை 75 விழுக்காடு என்றால் 5.1 டன்னை 0.75ஆல் வகுத்து 6.8 டன்.

தண்ணீரும் மண்ணின் பாதிக் கதை

பாசன நீரின் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை கவலையில்லை, 3க்கு மேல் கடும் தொல்லை, இடைப்பட்டதில் கவனம் வேண்டும். 1 டெசிசீமன்ஸ் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 640 மி.கி. உப்பு. அந்த நீரை ஒரு பருவத்தில் 500 மி.மீ. பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 3.2 டன் உப்பு வந்து சேரும். செடி அதில் சொற்பமே எடுக்கும்.

ஆகவே தேவைக்கு மேல் கொஞ்சம் நீர் விட்டு உப்பைத் தள்ள வேண்டும். எவ்வளவு என்பதற்குச் சூத்திரம்: நீரின் கடத்துதிறனை, பயிர் தாங்கும் மண் கடத்துதிறனின் ஐந்து மடங்கிலிருந்து நீரின் கடத்துதிறனைக் கழித்த தொகையால் வகுக்கவும். விளைச்சல் குறையாமல் பீன்ஸ் 1.0 வரையும், வெங்காயம் 1.2, மக்காச்சோளம் 1.7, தக்காளி 2.5, நெல் 3.0, கோதுமை 6.0, பருத்தி 7.7 வரையும் தாங்கும். 1.0 நீரில் மக்காச்சோளத்துக்கு 1 ÷ (8.5 − 1), அதாவது 13 விழுக்காடு. 42 மி.மீ. தேவைப்படும் இடத்தில் 48 மி.மீ. விட வேண்டும். பருத்திக்கு 3 விழுக்காடு போதும். உப்பே இல்லாத மிகத் தூய நீரும் நல்லதல்ல. 0.2க்குக் கீழே போனால் மேல்மண் கரைந்து பொருக்குக் கட்டி, நீர் இறங்குவது குறையும்.

எந்தப் பாசன முறை

எண்கள் கையில் வந்த பிறகு இது எளிது. பார் பிடித்துச் சாலில் பாய்ச்ச 100 மீட்டருக்கு 5 முதல் 50 செ.மீ. வரை சரிவு இருக்கலாம். அதைவிடக் கூடினால் மண் அரிக்கும். மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் இறங்கும் மணலில் சால் பாசனம் வேண்டாம், வாய்மடையிலேயே பாதி நீர் ஆழத்துக்குப் போய்விடும். அங்கே சொட்டுநீரோ தெளிப்புநீரோ ஏற்றது. தெளிப்பானின் பொழிவு வேகம் மண்ணின் இறங்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மணிக்கு 4 மி.மீ. இறங்கும் களியில் 10 மி.மீ. பொழியும் தெளிப்பான் ஓடையைத்தான் உண்டாக்கும். சொட்டுநீரில் மணலில் ஈரம் ஒல்லியாக ஆழ இறங்கும், களியில் அகலமாகப் பரவும். ஆகவே சொட்டிகள் மணலில் 30 செ.மீ., களியில் 60 செ.மீ. இடைவெளியில் இருக்கலாம். உவர்நீரைச் சொட்டுநீரில் விட்டால் ஈர வட்டத்தின் விளிம்பில் உப்பு சேரும். சிறுமழை பெய்தால் அது வேருக்குத் திரும்பும் என்பதால், அப்படிப்பட்ட மழையின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

குழியில் கடின அடுக்கைக் கண்டிருந்தால் உளிக்கலப்பை போடலாம், ஆனால் மண் காய்ந்திருக்கும்போது மட்டுமே. ஈரத்தில் போட்டால் உடையாது, கத்தி போன தடத்தில் மண் மெழுகியதுபோல் இழுபட்டு இன்னும் அடைக்கும். அடிமண் களராக இருந்தால் ஜிப்சம் இல்லாமல் உடைத்தது அடுத்த சில பாசனத்திலேயே மறுபடி மூடிக்கொள்ளும்.

முதல் பருவத்தில் சரிபார்ப்பு

பாய்ச்சிய மறுநாள் விரல் தடிமனுள்ள, முனை கூரான இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஈரமான ஆழம் வரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண்ணைத் தொட்டதும் நிற்கும். மடைவாயில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் பார்த்தால் தண்ணீர் சமமாகப் போகிறதா என்பது தெரியும். மடைவாயில் 90 செ.மீ., கடைக்கோடியில் 25 செ.மீ. என்று வந்தால் சாலின் நீளத்தைக் குறைக்கவும் அல்லது மடையின் ஓட்டத்தைக் கூட்டவும்.

அறுவடை முடிந்ததும், முன்பு மாதிரி எடுத்த அதே இடங்களில் அதே நான்கு ஆழங்களிலும் மறுபடி எடுத்துக் கடத்துதிறனைப் பாருங்கள். ஆழம் கூடக்கூட எண்ணும் கூடினால் உப்பு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, பாசன அளவு சரி. மேல் 15 செ.மீ.யில்தான் மிக அதிகம் என்றால் ஓதம் மேலேறுகிறது, நீர்மட்டக் குழாயின் அளவுகளை எடுத்துப் பார்த்து, அடுத்த விதைப்புக்கு முன் வடிகாலைச் சரிசெய்யுங்கள். எல்லா ஆழத்திலும் ஒரே சீராகக் கூடியிருந்தால், தள்ளுவதற்காக விட்ட கூடுதல் நீர் போதவில்லை.